அலுவலகத்துக்கு இணையவழித் தொலைபேசி: அது இயங்கும் விதமும் அதற்கு வேண்டிய பூட்டும்

சென்னை மண்ணடிப் பக்கம் தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் உள்ள, துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் கடந்த சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் நடந்துவருகிறது. சுவரோரமாக ஆணியடித்து இழுத்திருந்த செம்புக் கம்பியும், அது போய்ச் சேர்ந்த பழைய இன்டர்காம் பெட்டியும் கழற்றப்படுகின்றன. இணைய ரவுட்டரிலிருந்து ஒரு நீலக் கேபிள் மேசைத் தொலைபேசிக்கு வருகிறது. ரிசீவர், பொத்தான்கள், மணியோசை எல்லாம் முன்பு போலவே இருப்பதால், கம்பி மட்டும்தான் மாறியிருக்கிறது என்று உரிமையாளர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இந்தப் பகுதி அலுவலகங்களுக்குத் தொலைபேசி அமைத்துக் கொடுப்பதே என் தொழில் என்பதால், அந்த எண்ணம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மேசையில் இப்போது இருப்பது ஒரு சிறு கணினி. அதற்கு முகவரி உண்டு, கடவுச்சொல் உண்டு, உள்ளே மென்பொருள் உண்டு. கணினிக்கு என்னென்ன ஆபத்து உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. இணையவழித் தொலைபேசியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர், அதை வாங்குவதற்கு முன்போ வாங்கிய பின்போ, என்ன கேட்க வேண்டும் என்று புரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

1882இல் கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு மதராஸிலும் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டபோது, ஒவ்வொரு சந்தாதாரருக்கும் நிலையத்திலிருந்து தனிக் கம்பி சென்றது. இருவர் பேச வேண்டுமென்றால் அந்த இரு கம்பிகளையும் நிலையத்தில் இருப்பவர் கையால் இணைத்துவிடுவார். பிற்காலத்தில் கைக்குப் பதிலாக இயந்திரமும், இயந்திரத்துக்குப் பதிலாக மின்னணு நிலையமும் வந்தன. ஆனாலும் பேச்சு முடியும்வரை இருவருக்கும் நடுவே ஒரு வழி முழுதாக ஒதுக்கப்பட்டிருக்கும் என்ற அடிப்படை அப்படியே இருந்தது. இருவரும் வாய் திறக்காமல் இருந்தாலும் அந்த வழி அவர்களுக்கே உரியது. இணையத்தில் அப்படி எவருக்கும் தனி வழி கிடையாது. எல்லோருடைய கோப்புகளும் படங்களும் பேச்சும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன.

அந்தச் சாலையில் பேச்சை அனுப்புவதற்கு, முதலில் அதை எண்களாக மாற்ற வேண்டும். ஜி.711 என்ற பரவலான முறையில், உங்கள் குரலின் ஏற்ற இறக்கம் ஒரு நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வொரு அளவும் 8 பிட் எண்ணாக எழுதப்படுகிறது. ஆக நொடிக்கு 64,000 பிட். அந்த எண்கள் 20 மில்லி நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. நீங்கள் பேசும் ஒவ்வொரு நொடியும் 50 பொட்டலங்களாகி வெளியே செல்கிறது. எதிரில் இருப்பவரின் பேச்சும் அதேபோல 50 பொட்டலங்களாக உள்ளே வருகிறது. ஒவ்வொன்றின் மேலும் எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது என்ற விவரச் சீட்டு ஒட்டப்படுவதால், ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 80 முதல் 90 கிலோபிட் வரை ஆகிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. எனவே, ‘நூறு எம்பிபிஎஸ் லைன் போட்டிருக்கிறோம், ஆனாலும் குரல் வெட்டுகிறது’ என்று ஒருவர் சொல்லும்போது, குறை வேகத்தில் இல்லை என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

குறை எங்கே என்பதை விளங்கிக்கொள்ள, விடியற்காலையில் காசிமேட்டுப் பக்கம் ஒரு முறை நின்று பார்த்தால் போதும். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கின்றன. அதே நேரத்தில் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் வண்டிகள் கிளம்புகின்றன. டிரெய்லரில் இருக்கும் இரும்பு நான்கு மணி நேரம் தாமதமாகப் போனாலும் இரும்புதான். மீன் அப்படியல்ல. மின்னஞ்சலும் ஸ்கேன் செய்த ஆவணங்களும் இரும்பைப் போன்றவை: வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால், அனுப்பியவரிடம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஒரு நொடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. பேச்சுப் பொட்டலம் மீனைப் போன்றது. காதில் ஒலிக்க வேண்டிய கணம் கடந்துவிட்டால் அது வந்தும் பயனில்லை. மறுபடி கேட்டு வாங்குவதற்கும் நேரமில்லை. அதனால்தான் இணையவழிப் பேச்சு, தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யு.டி.பி. என்ற முறையில் பயணம் செய்கிறது.

பொட்டலங்கள் சீரான இடைவெளியில் கிளம்பினாலும் சீரான இடைவெளியில் வந்து சேர்வதில்லை. இந்த முன்பின்னை ஜிட்டர் என்கிறார்கள். அதைச் சமன் செய்வதற்காகத் தொலைபேசி, வரும் பொட்டலங்களைச் சில பத்து மில்லி நொடிகள் நிறுத்திவைத்து, வரிசைப்படுத்தி, அதன் பிறகே ஒலிக்கிறது. அதிக நேரம் நிறுத்திவைத்தால் பேச்சு தெளிவாக இருக்கும், ஆனால் ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் பேசத் தொடங்கி இருவரும் மோதிக்கொள்வார்கள். ஒரு திசையில் மொத்தத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. சேவை நிறுவனத்தின் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று நான் முதலில் கேட்பது இதனால்தான். சர்வர் நியூயார்க் பக்கம் இருந்தால், ராயபுரத்திலிருந்து மாதவரத்துக்குப் பேசும் பேச்சு சுமார் 13,500 கிலோமீட்டர் போய், அதே தூரம் திரும்பி வர வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், நேர்கோட்டில் போனால்கூட அதற்கு 135 மில்லி நொடி ஆகிவிடும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் செல்வதில்லை.

அலுவலகத்துக்குள்ளேயே நெரிசல் உண்டாவதும் உண்டு. ஒரு பையன் நாற்பது பக்க இன்வாய்ஸை ஸ்கேன் செய்து ஏற்றுகிறான், எட்டு சி.சி.டி.வி. கேமராக்களும் மேகச் சேமிப்புக்குப் படம் அனுப்புகின்றன; அந்தச் சமயத்தில் பேசுகிறவரின் குரல் எதிர்ப்பக்கம் துண்டு துண்டாகக் கேட்கிறது. மீன் வண்டிக்கு முதல் வழி என்று ரவுட்டரில் ஒரு விதி எழுதிவைத்தாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. ஆனால் கேட்டு வாங்காதவர்களுக்கு அதை யாரும் செய்து தருவதில்லை.

அடுத்து ஒரு பிரிவைப் புரிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புப் பற்றிய எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. நம் பகுதித் தொழிலில் பேப்பர் வேறு, சரக்கு வேறு. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சுங்கப் படிவம் ஒரு வழியில் நகர்கிறது, கன்டெய்னர் வேறொரு வழியில் நகர்கிறது; பேப்பர் சரியாக இருந்தால்தான் சரக்கு வெளியே வரும். இணையவழித் தொலைபேசியிலும் இதே ஏற்பாடுதான். யார் யாரை அழைக்கிறார், எதிர்ப்பக்கம் மணி அடிக்கிறதா, எடுத்தாரா, வைத்தாரா என்ற பேப்பர் வேலை முழுவதையும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறை பார்த்துக்கொள்கிறது. இது 1999இல் முதலில் வெளியாகி, 2002இல் இன்றைய வடிவத்துக்கு வந்தது. பேச்சு என்ற சரக்கு ஆர்.டி.பி. என்ற மற்றொரு நெறிமுறையில் போகிறது. இரண்டும் ஒரே வழியில் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. பேப்பரைப் பூட்டிவிட்டுச் சரக்கைத் திறந்தபடி அனுப்பும் அமைப்புகள் இருக்கின்றன என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை’ என்ற புகார் எனக்கு வாரம் ஒன்றாவது வரும். பேப்பரில் எழுதிய முகவரி தவறானதே பெரும்பாலும் இதற்குக் காரணம். அலுவலகத்துக்குள் இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரி இருக்கும்; அது கட்டடத்துக்கு வெளியே செல்லாது. தொலைபேசி அந்த உள்முகவரியை எழுதி, சரக்கை இங்கே அனுப்புங்கள் என்று சொன்னால், தெருப்பெயர் எழுதாமல் ‘மூன்றாம் மாடி, பின்பக்க அறை’ என்று மட்டும் எழுதி அனுப்பியதற்குச் சமம். எதிர்ப்பக்கத்துப் பொட்டலங்கள் மண்ணடி வரைக்கும்கூட வந்து சேராது. இதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லிக்கொண்டு பல ரவுட்டர்களில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்ற வசதி இருக்கிறது. என் அனுபவத்தில் அதை அணைத்துவைத்தபோதுதான் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

அலுவலகத்துக்கு என்ன லாபம்

தொலைபேசி நிலையத்தின் வேலையை அலுவலகத்துக்குள் செய்யும் பெட்டியை நாம் இன்டர்காம் என்றும் இ.பி.ஏ.பி.எக்ஸ். என்றும் சொல்லிவந்தோம். இப்போது அந்தப் பெட்டியே ஒரு மென்பொருளாகிவிட்டது. 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவைத்த ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளை ஒரு சாதாரணக் கணினியில் நிறுவினாலே, முன்பு பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான வசதிகள் ஆறு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கும் கிடைத்துவிடுகின்றன. வெளியுலகத்தோடு இணைக்கும் எஸ்.ஐ.பி. ட்ரங்கை உரிமம் பெற்ற நிறுவனத்திடமிருந்து வாங்க வேண்டும், முன்பு பி.ஆர்.ஐ. என்ற டிஜிட்டல் லைன் எடுத்தால் 30 சானல்களாக (ஒரே நேரத்தில் 30 அழைப்புகளுக்கு) எடுக்க வேண்டியிருந்தது, இதில் தேவைக்கு ஏற்பக் குறைவாகவும் எடுக்கலாம்.

என் கண்ணில் பட்ட உண்மையான பயன் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஏஜென்ட் அலுவலகத்தில் மூன்று பேர் நாள் முழுவதும் வெளியில்தான் இருப்பார்கள்: ஒருவர் கஸ்டம்ஸ் ஹவுஸில், ஒருவர் மணலிப் பக்கத்து சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் கிடங்கில், ஒருவர் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில். வாடிக்கையாளர் 044 எண்ணில் அழைத்தால் அலுவலகத்தில் மணி அடிக்கும்; எடுக்கும் பெண், ‘அவர் இல்லைங்க, செல்லுல கூப்பிடுங்க’ என்று எண் சொல்வார். இப்போது அந்த மூவரின் கைப்பேசியிலும் ஒரு செயலி இருக்கிறது. அலுவலகத்தில் 103ஐ அழுத்தினால் மணலியில் மணி அடிக்கிறது. வெளியே அவர் அழைத்தாலும் அலுவலக எண்தான் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனால் வாடிக்கையாளர்கள் அவருடைய சொந்த எண்ணோடு போய்விட மாட்டார்கள். சிறு அலுவலகத்துக்கு இந்த ஒன்றுக்காகவே மாறலாம் என்பது என் கருத்து. ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்ற வரவேற்புக் குரலை எல்லோரும் ஆசையாகக் கேட்டு வாங்குகிறார்கள். ஆறு பேர் அலுவலகத்துக்கு அது தேவையே இல்லை.

மாறும்போது ஒன்றை இழக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய செம்பு இணைப்புக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே, 48 வோல்ட்டில், அதே கம்பி வழியாக வந்தது. தெருவில் கரண்ட் போனாலும் போன் பேசும். இணையவழித் தொலைபேசியில் இழைக் கேபிள் வந்து சேரும் மோடம், ரவுட்டர், சுவிட்ச், தொலைபேசி என்ற நான்கில் எது அணைந்தாலும் பேச்சு போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கணினியை யு.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டு மோடத்தைச் சுவர் பிளக்கில் விட்டிருந்த அலுவலகங்கள், யு.பி.எஸ். ஓடிய ஓரிரு மணி நேரத்திலும் பேச முடியாமல் நின்றன. நான்கையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். 108, 112 போன்ற அவசர எண்களை அழைப்பதற்கு ஒரு சாதாரண சிம் கைப்பேசி அலுவலகத்தில் சார்ஜுடன் எப்போதும் இருக்கட்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: இந்தியாவில் இணைய நிறுவனங்கள் வழியாகக் கணினிகளுக்கு இடையே பேசுவது 2002 ஏப்ரல் முதலே அனுமதிக்கப்பட்டது, உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் எந்த இணைய இணைப்பின் வழியாகவும் இந்தச் சேவையைத் தரலாம் என்பது 2018இல் தெளிவாக்கப்பட்டது. உரிமம் இல்லாதவர் வெளிநாட்டு அழைப்புகளை இணையம் வழியே வாங்கி உள்ளூர் அழைப்புகளாக மாற்றி விடுவது குற்றம். பெட்டியில் நிறைய சிம் கார்டுகளைச் செருகி இதைச் செய்வதை சிம் பாக்ஸ் என்கிறார்கள். அதற்கு ஓர் அறையும் மின்சாரமும் இணையமும் போதும் என்பதால், ‘ஒரு மெஷின் மட்டும் வைக்கிறோம், ஆள் இருக்க மாட்டார்’ என்று யாராவது வாடகைக்குக் கேட்டால் கட்டட உரிமையாளர்கள் விசாரிக்க வேண்டும். அங்கீகாரமில்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவதற்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 3 ஆண்டு வரை சிறையும் 2 கோடி ரூபாய் வரை அபராதமும் வகுத்திருக்கிறது. தூத்துக்குடிக் கிளையையும் சென்னை அலுவலகத்தையும் ஒரே அமைப்பில் சேர்ப்பதாக இருந்தால், வெளி அழைப்புகளை ஊர் மாற்றி விடலாமா என்பதைச் சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள்.

சனிக்கிழமை இரவில் நடக்கும் திருட்டு

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வெளியே எந்த எண்ணுக்கும் போகவில்லை என்றார்கள். நான் போய் அழைப்புப் பதிவேட்டைத் திறந்தேன். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி, ஞாயிறு முழுவதும், 101 என்ற எக்ஸ்டென்ஷனிலிருந்து (அலுவலகத்துக்குள் அழைக்கும் உள் எண்) ஒரே நேரத்தில் மூன்று நான்கு அழைப்புகள், அந்த அலுவலகத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாத நாடுகளுக்கு, விடாமல் போயிருந்தன. ஒவ்வொன்றும் பத்து, இருபது நிமிடம். 101 எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டேன். வேலையை விட்டுப்போன ஒருவரின் மேசை அது. போன் மீது தூசி படியாமல் இருக்க ஒரு பூப்போட்ட துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள். துண்டை எடுத்தபோது கருவி சூடாகக்கூட இல்லை. ஏனென்றால் அழைப்புகள் அந்தக் கருவியிலிருந்து போகவே இல்லை; 101 என்ற பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் தெரிந்துகொண்ட யாரோ, உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, நான்தான் 101 என்று சொல்லிக்கொண்டு நுழைந்திருந்தார்கள். கடவுச்சொல்லும் 101தான். பில் அந்த அலுவலகத்தின் மூன்று மாத வாடகையைத் தாண்டியிருந்தது. அதை ஈடுகட்ட அந்த முதலாளி பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், அமைத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிவதில்லை என்று எனக்கு உறைத்தது.

எவரோ நம் அலுவலகத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குறிவைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எஸ்.ஐ.பி. வழக்கமாக 5060 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் எண்ணிட்ட ஒரு வாசலில், காது கொடுத்துக் காத்திருக்கும். இணையத்தில் உள்ள முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி, எங்கே 5060 பதில் சொல்கிறது என்று பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிதாக ஒரு சர்வரை இணையத்தில் திறந்துவைத்துவிட்டுப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அன்றைக்கே யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போயிருப்பது தெரியும். பதில் கிடைத்த இடத்தில் 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களையும், 1234, 101101 என்று கடவுச்சொற்களையும் நிரல் தானாகவே முயன்று பார்க்கிறது. உள்ளே நுழைந்ததும், நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் உள்ள வெளிநாட்டு எண்களுக்கு அழைப்புகள் போகின்றன; அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு, அந்த எண்ணை ஏற்பாடு செய்த கூட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. நம் அலுவலகம் பேசிய பேச்சுக்கு நம் சேவை நிறுவனம் வழியெங்கும் பணம் கட்டிவிடுகிறது. பிறகு அது நம்மிடம் கேட்கிறது. சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுப்பது, திங்கள் காலை வரைக்கும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான். 2020 நவம்பரில் செக் பாயின்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, ஆஸ்டெரிஸ்க் மேல் கட்டப்பட்ட ஃப்ரீபிபிஎக்ஸ் மென்பொருளின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி ஏறத்தாழ 1,200 நிறுவனங்களின் தொலைபேசி அமைப்புகளுக்குள் ஒரே கூட்டம் இப்படி நுழைந்திருந்தது.

இதற்கான பூட்டுகளில் மிக வலிமையானது மிக எளிமையானதும்கூட: தேவையில்லாத ஐ.எஸ்.டி.யை மூடிவிடுவது. துபாய், சிங்கப்பூர், கொழும்பு, ஷாங்காய் என்று நான்கு ஊர்களோடு வியாபாரம் செய்பவருக்கு 971, 65, 94, 86 என்ற நான்கு நாட்டுக் குறியீடுகள் போதும். மற்ற எல்லா நாடுகளையும் அடைத்துவிடலாம். இதை இன்டர்காமில் மட்டும் செய்தால் போதாது, ஏனென்றால் உள்ளே நுழைந்தவர் அந்த விதியையே அழித்துவிட முடியும். ட்ரங்க் கொடுக்கும் நிறுவனத்திடம் சொல்லி அவர்கள் பக்கத்திலும் மூடச் சொல்ல வேண்டும். கூடவே, ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் நிறுத்து என்று ஒரு வரம்பும் கேளுங்கள். அலுவலக நேரம் முடிந்ததும் வெளிநாட்டு அழைப்பு போகாதபடி வைப்பதும் நல்லதே, ஆனால் சிங்கப்பூர்க்காரர் இரவில் கூப்பிடுவார், திருப்பிப் பேச வேண்டும் என்று இரண்டாம் வாரமே அதைத் தளர்த்திவிடுவார்கள். நாட்டுக் குறியீட்டுப் பூட்டு அப்படித் தளர்வதில்லை.

கடவுச்சொல் மனிதர் நினைவில் வைப்பதற்கானது இல்லை என்பதால், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் இருபது எழுத்துக்குக் குறையாமல், பொருளற்ற, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சொல்லை வைக்கலாம்; ஒரு முறை கருவியில் ஏற்றிவிட்டால் யாரும் அதைத் தட்டச்சு செய்யப் போவதில்லை. தொலைபேசிக் கருவிக்கும் உள்ளே ஓர் அமைப்புப் பக்கம் உண்டு. அதன் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, முன்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை நிலைமேல் வைப்பது போன்றது. வேலையை விட்டுப் போகிறவரின் எக்ஸ்டென்ஷனை அவர் கணக்கு முடிக்கும் அன்றைக்கே நீக்குங்கள். 5060ஐ முழு உலகத்துக்கும் திறந்துவைக்காமல், ட்ரங்க் நிறுவனத்தின் முகவரியிலிருந்து மட்டும் ஏற்றுக்கொள்ளுமாறு அமையுங்கள். மணலியில் இருப்பவரின் கைப்பேசிச் செயலி வி.பி.என். என்ற பூட்டிய தனி வழியாக உள்ளே வரட்டும். பல முறை தவறான கடவுச்சொல் கொடுக்கும் முகவரியைத் தானாகவே தடுக்கும் ஃபெயில்டூபேன் போன்ற இலவச நிரல்களும் இருக்கின்றன.

இரண்டாவது ஆபத்து ஒட்டுக்கேட்பு. முன்பு சொன்ன பேப்பரும் சரக்கும் இங்கே வருகின்றன. சாதாரண அமைப்பில் எஸ்.ஐ.பி.யும் ஆர்.டி.பி.யும் மறைகுறியாக்கம் (என்கிரிப்ஷன்) எதுவும் இல்லாமல் திறந்தபடியே போகின்றன. ஒரே நெட்வொர்க்கில், பேச்சு கடந்துபோகும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பொட்டலங்களைப் பிடித்து, பொத்தானை அழுத்தி ஒலியாகவே கேட்டுவிட முடியும். வெளியில் இருக்கும் நிபுணரை விட, ஒரே மாடியில் நான்கு அலுவலகங்கள் ஒரு பிராட்பேண்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. மண்ணடிக் கட்டடங்களில் இது சாதாரணம், அந்த நான்கில் இரண்டு போட்டி ஏஜென்ட்களாகவும் இருக்கும். இதற்கு இரட்டைப் பூட்டு தேவை: பேப்பருக்கு டி.எல்.எஸ்., சரக்குக்கு எஸ்.ஆர்.டி.பி. இரண்டாவது 2004இலேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. இன்றைய மேசைத் தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஆனால் யாராவது இயக்கினால்தான் இயங்கும். டி.எல்.எஸ். மட்டும் போட்டுவிட்டு ‘எல்லாம் என்கிரிப்ட் ஆகிவிட்டது’ என்று சொல்லும் அமைப்பாளரிடம், குரலும் ஆகிறதா என்று தனியாகக் கேளுங்கள். தொலைபேசிகளுக்குக் கணினி, கேமரா இவற்றிலிருந்து தனியான வி-லேன் (அதே கேபிள்களில் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) ஒன்றைப் பிரித்துக் கொடுப்பதும் ஒட்டுக்கேட்பைக் கடினமாக்கும்.

பலரும் யோசிக்காத ஒரு நுணுக்கம் இதில் இருக்கிறது. வங்கியின் தானியங்கிக் குரல் கேட்கும்போது நாம் அழுத்தும் அட்டை எண்ணும் ரகசிய எண்ணும் பெரும்பாலான அமைப்புகளில் ஒலியாகப் போவதில்லை. ‘7 அழுத்தப்பட்டது’, ‘3 அழுத்தப்பட்டது’ என்று தனிப் பொட்டலங்களாகவே போகின்றன. எஸ்.ஆர்.டி.பி. இல்லையென்றால், பிடித்துவைத்தவர் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய சிரமம்கூட இல்லாமல் எண்களை வரிசையாகப் படித்துவிடலாம். பூட்டப்படாத இணையவழித் தொலைபேசியில் வங்கி ரகசிய எண்ணை அழுத்த வேண்டாம் என்று கணக்குப் பிரிவில் இருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இரட்டைப் பூட்டும் எதுவரைக்கும் என்பதில் மயக்கம் கூடாது. வாட்ஸாப் அழைப்பில் பேச்சு ஒருவர் கைப்பேசியில் பூட்டப்பட்டு மற்றவர் கைப்பேசியில்தான் திறக்கப்படுகிறது. 2016 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அலுவலக எஸ்.ஐ.பி. அழைப்பிலோ பூட்டு உங்கள் தொலைபேசியிலிருந்து உங்கள் இன்டர்காம் வரைக்கும், மிஞ்சினால் சேவை நிறுவனம் வரைக்கும்தான். அங்கிருந்து வாடிக்கையாளரின் சாதாரண எண்ணுக்குப் பழைய முறையிலேயே போகிறது.

மூன்றாவது, திரையில் தெரியும் எண்ணை நம்புவது. எஸ்.ஐ.பி. பேப்பரில் அழைப்பவர் எண் என்பது அனுப்புகிறவர் எழுதும் ஒரு வரி. வழியில் இருக்கும் நிறுவனம் சரிபார்க்காவிட்டால் எதை எழுதினாலும் அதுதான் எதிர்ப்பக்கம் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இந்திய எண்ணாகக் காட்டிக்கொள்ளும் அழைப்புகளைத் தடுப்பதற்காக 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. அது நல்ல காரியம், ஆனாலும் எல்லா ஏமாற்றும் அதில் அடங்கிவிடாது. நம் தொழிலில் இதன் வடிவம் பழக்கமான குரலில் வருகிறது: ‘சார், டிட்டென்ஷன் சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கு, பழைய அக்கவுன்ட்ல பிரச்சினை, இந்தப் புது அக்கவுன்ட்டுக்கு உடனே போட்டுடுங்க.’ எண் சரியாகத் தெரிகிறது, கன்டெய்னர் எண்ணும் சரியாகச் சொல்கிறார். இப்படி வரும் எந்த அழைப்பையும் வைத்துவிட்டு, பழைய கோப்பில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள். அவர் தரும் எண்ணுக்கோ, வந்த அழைப்பைத் திருப்பி அழுத்தியோ கேட்கக் கூடாது. பணம் போய்விட்டது என்றால் இணையவழி நிதி மோசடிக்கான உதவி எண்ணான 1930ஐ உடனே அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

மென்பொருளின் ஓட்டைகளைப் பற்றி மூன்று நிகழ்வுகளில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன். ஃப்ரீபிபிஎக்ஸ் ஓட்டையை மேலே சொல்லிவிட்டேன். 2019 மே மாதத்தில், வாட்ஸாப்பின் அழைப்புப் பகுதியில் இருந்த ஒரு பிழை வழியாக, அழைப்பை எடுக்காதவரின் கைப்பேசியிலும் உளவு மென்பொருள் ஏற்றப்பட்டது தெரியவந்தது. சுமார் 1,400 கருவிகள் குறிவைக்கப்பட்டதாக அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் கூறியது. 2023 மார்ச்சில் 3சிஎக்ஸ் என்ற பெயர்பெற்ற தொலைபேசி நிறுவனத்தின் கணினிச் செயலிக்குள்ளேயே தீய நிரல் புகுத்தப்பட்டு, அது அதிகாரபூர்வப் புதுப்பிப்பாக வாடிக்கையாளர்களுக்குப் போனது. முதல் நிகழ்வைப் பார்த்தால் உடனே புதுப்பிக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டாவதைப் பார்த்தால் தயக்கம் வரும். இருந்தாலும், புதுப்பிக்காமல் விட்டதால் உள்ளே நுழைந்தவர்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். எனவே புதுப்பியுங்கள் என்றுதான் சொல்வேன். யார், எந்தத் தேதியில் செய்வார் என்பதை அமைப்பாளரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அழைப்புகளைப் பதிவு செய்யும் அலுவலகங்கள், பதிவு செய்யப்படுகிறது என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளரின் குரலும் விவரமும் 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தரவு. தேவைக்கு மேல் சேர்த்துவைக்காமல் குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு அழித்துவிடுவதே நல்லது. சேவை நிறுவனமே முடங்கிப்போகும் நாளும் வரலாம். 2021 செப்டம்பரில் வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் மேல் பொய்ப் போக்குவரத்தைக் கொட்டி, பணம் கேட்டு, நாள்கணக்கில் அழைப்புகளைத் தடுத்தார்கள். அன்றைக்கு 044 எண்ணுக்கு வரும் அழைப்புகள் எந்தக் கைப்பேசிக்குத் திரும்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே ட்ரங்க் நிறுவனத்திடம் எழுதிக்கொடுத்துவையுங்கள்.

இவ்வளவும் செய்தாயிற்று என்று அமைப்பாளர் சொன்ன பிறகு, ஒரு சனிக்கிழமை மாலை அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன்பு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். உங்களுக்கு வியாபாரமே இல்லாத ஒரு நாட்டின் குறியீட்டைப் போட்டு ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். மணி அடிக்கத் தொடங்கினால் உடனே வைத்துவிட்டு அமைப்பாளரைக் கூப்பிடுங்கள். அழைப்பு போகாது என்ற அறிவிப்புக் குரல் வந்தால், அந்தக் குரல் இன்டர்காமிலிருந்து வருகிறதா, ட்ரங்க் நிறுவனத்திடமிருந்து வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; இரண்டு இடத்திலும் பூட்டு இருக்க வேண்டும். பிறகு அழைப்புப் பதிவேட்டை எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொண்டு, திங்கட்கிழமை காலை தேநீர் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பக்கம் காலியாக இருக்க வேண்டும்.